தானியக் கிடங்கு வாசலில் உட்கார்ந்திருப்பவர்

சரித்திரச் சுற்றுலாவின் முதல் நாள் மத்தியானம், கரிக்குன்றம் கோட்டையின் பாதி ஏற்றத்தில், தானியக் கிடங்கு வாசல்படியில் உட்கார்ந்திருந்த தணிகாசலம் கல்லாகிப் போனார். அவர் ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மூட்டு வலிக்காரர், அதிகம் பேசாதவர். கல்லாவதற்கு முன்னால் மனைவியிடம் கடைசியாகச் சொன்னதும் சின்ன வாக்கியம்தான். "நீ மேல போய்ட்டு வா, சொல்றேன்."

சொல்வதாக அவர் ஒப்புக்கொண்டது ஆதிலட்சுமி பாதி ஆயுசாகக் கேட்காமல் வைத்திருந்த ஒரு கேள்விக்குப் பதில். கல்யாணமான புதிதில் அவருக்கு வேலங்குளம் என்கிற சின்ன ஸ்டேஷனில் வேலை. அங்கேதான் அவர்களுக்கு முதலில் ஒரு பெண் பிறந்தது, ஆஸ்பத்திரிக் கட்டிலை விட்டு ஆதிலட்சுமி எழுந்து உட்காருவதற்குள் செத்தும் போனது. நர்ஸ் வெள்ளைத் துண்டில் சுற்றிக் கொடுத்ததை அவர் வாங்கிக்கொண்டு போனார், வெறுங்கையோடு திரும்பி வந்தார், குழாயடியில் கால் கழுவினார், மறுநாள் டியூட்டிக்குப் போனார். எங்கே வைத்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பிறகு மாற்றலாயிற்று, பையன் பிறந்தான், அரக்கோணத்தில் வீடு கட்டினார்கள், பையன் பெங்களூருக்குப் போனான். கேட்காத அந்தக் கேள்வி மட்டும் பழைய பீரோ மாதிரி எல்லா வீட்டுக்கும் கூடவே வந்து நடுக்கூடத்தில் நின்றது, இருவரும் இருட்டில்கூட அதில் இடித்துக்கொள்ளாமல் நடக்கப் பழகிவிட்டார்கள்.

அன்றைக்கு அவள் கேட்டதற்குக் காரணம் ஒரு குதிரை. கோட்டை அடிவாரத்தில் ஒரு மண்மேட்டுக்குப் பக்கத்தில், ராஜாவின் குதிரையைப் புதைத்த இடம் இது என்று நீலப் பலகை வைத்திருந்தார்கள். குதிரையின் பெயர், அதன் நிறம், எந்தச் சண்டையில் எந்தக் காலில் அதற்கு அடிபட்டது என்பது வரைக்கும் அதில் எழுதியிருந்தது. மற்றவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆதிலட்சுமி முதலிலிருந்து கடைசி வரைக்கும் வாசித்தாள், மறுபடியும் முதலிலிருந்து வாசித்தாள். அப்புறம் கிடங்கு வாசலில் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, தான் கேட்கப்போகிறோம் என்று தெரியாமலே கேட்டுவிட்டாள்.

"ஏங்க, நம்ம பாப்பாவை எங்க வச்சீங்க?"

அவர் அவளைப் பார்த்தார். ஒரு கழுகு வட்டமடித்தது. நீ மேல போய்ட்டு வா, சொல்றேன் என்றார்.

அவள் மேலே போனாள். கூரை இல்லாத தர்பார் மண்டபத்தையும், தண்ணீர் இல்லாத குளத்தையும், காற்றைத் தவிர எதிரி யாரும் வராத பீரங்கி மேட்டையும் பார்த்தாள். சொல்ல வேண்டியதை அவர் மனதில் கோத்துக்கொள்ளட்டும் என்று, எவ்வளவு மெதுவாக இறங்க முடியுமோ அவ்வளவு மெதுவாக இறங்கினாள். இறங்கி வந்தபோது அவர் சட்டை மடிப்பு, பாக்கெட்டுப் பேனா, மூக்குக்கண்ணாடி, முழங்காலைப் பிடித்திருந்த கை எல்லாம் கறுத்த நல்ல கல்லாக இருந்தன. பக்கத்தில் வைத்திருந்த தண்ணீர் பாட்டில் மட்டும் பாட்டிலாகவே இருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. சொல்ல ஆரம்பித்த வாய் மாதிரியும் இருந்தது, மூச்சு வாங்கிய வாய் மாதிரியும் இருந்தது. ஆதிலட்சுமி பாட்டிலை எடுத்து, மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்தாள். தாகம் அடங்கியது. அதைத் தவிர உள்ளே வேறு எதுவும் அசையவில்லை.

மற்றவர்கள் ஒருவர் ஒருவராக இறங்கி வந்து சேர்ந்தார்கள். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிற ஒருவர் கல்லின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். டூர் மேனேஜர் ராஜாபாதர், தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, "என்னா சார், முதல் நாளே இப்படிப் பண்ணிட்டீங்க" என்று தணிகாசலத்திடமே முறையிட்டான். பஸ்ஸில் ஆதிலட்சுமிக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து வந்த டெய்சி டீச்சர், பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவள், விரலால் தோளைத் தட்டிப் பார்த்து, "நல்ல கல்லு. இந்தக் குன்றத்துக் கல்லு இல்ல, இது இன்னும் கெட்டி" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் கோட்டையைச் சாத்துவதற்காக விசில் ஊதிக்கொண்டு வாட்ச்மேன் முனிரத்தினம் ஏறி வந்தார்.

"எல்லாரும் இறங்குங்க. பெரியவரே, உங்களைத்தான்."

"அவரு கல்லாயிட்டாருங்க" என்றான் ராஜாபாதர்.

முனிரத்தினம் பக்கத்தில் வந்து, கைத்தடியால் முழங்காலை மெல்லத் தட்டினார். கல்லில் தட்டிய சத்தம் கேட்டது.

"ஆமா, கல்லுதான். சரி, மத்தவங்க இறங்குங்க."

"இவரை எப்படித் தூக்கிட்டுப் போறதுன்னுதான் பாக்குறோம். கீழ யாராச்சும் நாலு ஆளு, ஒரு வடக்கயிறு..."

"என்னாது? தூக்கிட்டுப் போறதா? வேலிக்குள்ள இருக்கிற கல்லு எல்லாம் தொல்லியல் டிபார்ட்மென்ட் கல்லு சார். ஒரு செங்கல்லை எடுத்துட்டுப் போனாலே கேசு. இவ்ளோ பெரிய சிலையை எடுத்துட்டுப் போறேன்னு எங்கிட்டயே சொல்றீங்களே."

"சிலை இல்லப்பா, எங்க பஸ்ஸுல வந்தவரு. இந்தா, டிக்கெட் இருக்கு பாரு" என்று டெய்சி டீச்சர் காட்டினாள்.

முனிரத்தினம் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது மனுஷனுக்குக் குடுத்த டிக்கெட்டும்மா. மனுஷனை நான் நிறுத்தல, தாராளமாக் கூட்டிட்டுப் போங்க. எழுந்திரிக்கச் சொல்லுங்க."

எல்லாரும் தணிகாசலத்தைப் பார்த்தார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.

ஆபீசர்தான் முடிவு சொல்ல வேண்டும், ஆபீசர் மாநாட்டுக்குப் போயிருக்கிறார், வெள்ளிக்கிழமைதான் வருவார் என்று முனிரத்தினம் சொன்னார். வெள்ளிக்கிழமை நாங்களும் இந்த வழியாகத்தான் திரும்புகிறோம் என்று ராஜாபாதர் சொன்னான். கூடவே லாரியில் வருகிற சமையல்காரர் அடுத்த ஊர்ச் சத்திரத்துக்கு முன்னாலேயே போய், சாம்பாருக்குக் காய் நறுக்கிவிட்டதாகப் போன் வந்தது. எல்லாமாகச் சேர்ந்து அது ஒரு முடிவு போல ஆகிவிட்டது. "நாலு நாள்தானேம்மா, மழைக் காலமும் இல்ல" என்றார் முனிரத்தினம் ஆறுதலாக. நான் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னார். ஆதிலட்சுமி, கணவர் மடியில் விழுந்து கிடந்த ஒரு சருகைத் தட்டிவிட்டு, மற்றவர்களோடு இறங்கினாள். பஸ்ஸில் அவர் இடத்தில் தன் கைப்பையை வைத்துக்கொண்டாள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் சமையல்காரர் அவளுக்குப் பக்கத்தில் இன்னொரு இலையும் போட்டார். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அந்த இலையில் சாதம் வைத்து, சாம்பார் ஊற்றி, அவருக்குச் சர்க்கரை என்பதால் பாயசம் மட்டும் வைக்காமல் விட்டார்கள். மறுநாள் அந்த இலையில் டிரைவர் உட்கார்ந்து சாப்பிட்டார், அதற்கு மறுநாள் அந்த இலையையே போடவில்லை. பையன் பெங்களூரிலிருந்து போன் செய்து, அப்பா எங்கே என்றான். கோட்டையில் உட்கார்ந்துவிட்டார் என்றாள். "வயசாச்சு இல்லம்மா, ஒவ்வொரு எடத்துக்கும் ஏறச் சொல்லாத, கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றான். சரிப்பா என்றாள். வேறு எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை, சொன்னபோது அது பொய்யாகவும் இல்லை.

கங்கைகொண்ட சோழபுரத்தில் காலையில் பூக்காரி வந்தபோதுதான் சங்கடம் ஆயிற்று. எல்லாப் பெண்களுக்கும் அளந்து கொடுத்துவிட்டு, "இந்த அம்மாவுக்கு?" என்று அவள் ஆதிலட்சுமியைக் காட்டிக் கேட்டதும் பேச்சு நின்றது. உயிர் போகவில்லையே, வைத்துக்கொள்ளட்டும் என்றாள் ஒருத்தி. உயிர் இருக்கிறது என்று யார் கண்டது என்றாள் இன்னொருத்தி. அந்தக் காலத்தில் கல்லானவர்கள் எல்லாம் திரும்ப எழுந்து வரவில்லையா என்றாள் மூன்றாமவள். டெய்சி டீச்சருக்குக் கோபம் வந்தது.

"ஏம்மா, அவ இங்கதானே நிக்கிறா. அவளைக் கேளுங்களேன். ஆதி, உனக்குப் பூ வேணுமா?"

"தெரியல டீச்சர்" என்றாள் ஆதிலட்சுமி. உண்மையாகவே தெரியவில்லை. கையை நீட்டினால் நீளும், நீட்டாவிட்டால் அப்படியே இருக்கும் என்பது போல இருந்தது.

கடைசியில் பெண்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: ஒரு முழம் வாங்கி, பஸ்ஸில் அவர் உட்கார்ந்த இடத்து ஜன்னல் கம்பியில் சுற்றிவிட்டார்கள். அதன் பிறகு யாருக்கும் மனசு உறுத்தவில்லை. பெண்கள் பஸ்ஸில் ஏறும்போது அந்த ஜன்னலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பழக்கமும் தானாக வந்துவிட்டது. அழுதுவிடு, அழுதுவிட்டால் லேசாக இருக்கும் என்று அவர்கள் முறை வைத்து அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னார்கள். அவள் கண்ணை மூடி முயற்சி செய்து பார்த்தாள். மூடிய கண்ணுக்குள் குழாயடி தெரிந்தது, கால் கழுவுகிற ஒரு ஆள் தெரிந்தார், அவ்வளவுதான்.

கோயிலின் பெரிய வெயிலில், கைடாக வந்த பெரியவர் ஒருவர், ராஜேந்திர சோழன் கங்கையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்த கதையைச் சொல்லிக்கொண்டு முன்னால் போனார். ஆதிலட்சுமி பின்தங்கிப் போய் ஒவ்வொரு சிலையாகப் பார்த்தாள். மூக்கு உடைந்த வாயிற்காவலர்கள், கை போன பெண்கள், முகம் தேய்ந்து யாரென்று தெரியாமல் போனவர்கள். ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, இவரை இங்கே யார் விட்டுவிட்டுப் போனார்கள், அவர்கள் திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்களா, எந்த வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னார்கள் என்று நினைத்தாள். கைடு அவளிடம் வந்து, ஏதாவது சந்தேகமா அம்மா என்று கேட்டார்.

"இவருக்கு வீட்ல யாருமில்லையா?" என்றாள் ஒரு காவலரைக் காட்டி.

கைடு பழக்கப்பட்டவர். "எல்லாரும் இருந்தாங்கம்மா. ஆயிரம் வருஷம் ஆச்சு இல்லையா" என்றார்.

தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களின் கோட்டை கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. பீரங்கிகள் துருப்பிடித்துக் கிடந்தன. பக்கத்துக் கல்லறைகளில் எங்கிருந்தோ கப்பலில் வந்து, வந்த வேகத்தில் காய்ச்சலில் செத்தவர்களின் பெயர்கள் அவர்கள் பாஷையில் வெட்டியிருந்தன. டெய்சி டீச்சர் குனிந்து வருஷங்களைக் கழித்துப் பார்த்து, "இது கைக்குழந்தை" என்றாள் ஒரு சின்னக் கல்லைக் காட்டி. கல்லில் ஒரு சிறகு செதுக்கியிருந்தது. ஆதிலட்சுமி அதைத் தொட்டாள். அடையாளம் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். கடல் காற்று முகத்தில் அடித்தது. அது காற்று என்று தெரிந்தது, முகம் தன்னுடையது என்றும் தெரிந்தது, இரண்டுக்கும் நடுவில்தான் ஏதோ ஒன்று விட்டுப் போயிருந்தது.

சித்தன்னவாசலில், பாறை மேல் சமணர்கள் படுத்த கல் படுக்கைகளைப் பார்க்க ஒடுங்கிய வழியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். வழவழப்பான படுக்கைகள், தலைமாட்டில் கல்லிலேயே தலையணை. பசியிருந்து உயிரை விடுவதற்காக இங்கே வந்து படுப்பார்கள் என்று கைடு சொன்னதும், மாத்திரைக்காரர், "தலையணையை மட்டும் விட முடியல போலிருக்கு" என்றார், எல்லாரும் சிரித்தார்கள். ஆதிலட்சுமியும் சிரித்தாள். சிரிப்பு வாயில் வந்து வாயிலேயே தீர்ந்துபோனது. உள்ளங்கையை ஒரு தலையணை மேல் வைத்தாள். வெயிலில் அது சூடாக இருந்தது, இப்போதுதான் யாரோ எழுந்து போன மாதிரி. அவரைக் கொண்டுபோக முடியாவிட்டாலும் பரவாயில்லை, அந்த ஒரு பதிலை மட்டும் கொண்டுபோக வேண்டும் என்று அப்போது தோன்றியது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கரிக்குன்றத்துக்குத் திரும்பி வந்தபோது அடிவாரத்தில் கூட்டமாக இருந்தது. எலுமிச்சம்பழம், நல்லெண்ணெய்ப் பாக்கெட், கற்பூரம் விற்கிற தள்ளுவண்டிகள் குதிரையின் மண்மேட்டை மறைத்து நின்றன. எல்லாம் யாருக்கு என்று ராஜாபாதர் கேட்டான். கிடங்கையாவுக்கு என்றார்கள். கிடங்கையா யார் என்று தெரியாதா, கோட்டையை முற்றுகை போட்டபோது தானியக் கிடங்கின் சாவியை எதிரிக்குக் கொடுக்க மறுத்து, எத்தனை அடித்தும் வாயைத் திறக்காமல், வாசலிலேயே உட்கார்ந்து கல்லாகிப் போனவர். போன வாரம் வரைக்கும் ஏன் அவரை யாரும் பார்க்கவில்லை என்று டெய்சி டீச்சர் கேட்டாள். "கண்ணுக்குப் படணும்னு இருந்தாத்தாம்மா படுவாரு" என்று எண்ணெய்க்காரர் சொன்னார்.

"அப்ப அந்தப் பேனா?" என்று டீச்சர் விடவில்லை.

"கணக்கு எழுதுறதுக்கு. கிடங்குக்காரரு இல்லையா?"

ஆபீசர் முதல் வாசலுக்குப் பக்கத்தில் குடைக்குக் கீழே நாற்காலி போட்டுக் காத்திருந்தார். மரியாதையான மனிதர், ஆதிலட்சுமியைப் பார்த்ததும் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார்.

"முனிரத்தினம் எல்லாம் சொன்னான்மா. எனக்கு ஒண்ணு தெரிஞ்சாப் போதும். மனுஷன்னா அவரு உங்களுக்குச் சொந்தம், கல்லுன்னா எங்களுக்குச் சொந்தம். ரெண்டும் இல்லாம நடுவுல ஒண்ணுன்னா, அதை நான் எங்கயும் ஏத்த முடியாது. நீங்கதான் கூட வாழ்ந்தவங்க. நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான்."

"பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றாள்.

கிடங்கு வாசலில் பெரிய வரிசை. அவள் மனைவி என்று சொல்லி முன்னால் போயிருக்கலாம்; அப்படிச் சொல்லத் தோன்றவில்லை, வரிசையின் கடைசியில் நின்றாள். இடது பக்கம் போய்க் காதில் சொல்ல வேண்டும், மனசில் இருப்பதை வேறு யாரிடமும் சொல்ல முடியாததாக இருந்தால்தான் சொல்ல வேண்டும் என்று முன்னால் நின்றவள் சொல்லிக்கொடுத்தாள். அவள் பெயர் பச்சையம்மா, கீழே வெள்ளரிப்பிஞ்சு விற்பவள், மூன்று நாளாகத் தினமும் ஏறி வருகிறாள்.

"கேக்குறாரா?" என்றாள் ஆதிலட்சுமி.

"என்னாம்மா இப்படிக் கேட்டுட்ட? எங்க வீட்லயும்தான் ஒண்ணு இருக்கு, கட்டில்ல. நான் கத்துவேன், அது டிவியைப் பாத்துக்கினு 'உம்'ங்கும். இவரு அப்படி இல்ல. சொல்லச் சொல்லக் காது சூடாவும், பாரேன். கேக்காத காது சூடாவுமா?"

பச்சையம்மா தன் முறை வந்ததும் போய், கல்லின் தோளில் கை போட்டுக்கொண்டு, தலைமுக்காட்டை இழுத்துக் காதோடு சேர்த்து மூடி, வெகுநேரம் சொன்னாள். வரிசை பொறுமையாக நின்றது. முடித்து, மூக்கைச் சிந்திக்கொண்டு, கிடங்கையாவின் கன்னத்தைச் செல்லமாக ஒரு தட்டுத் தட்டிவிட்டு வந்தாள். அந்தத் தட்டு ஆதிலட்சுமியின் மேல் எங்கோ விழுந்தது. இத்தனை நாளில் முதல் தடவையாக உள்ளே ஒன்று அசைந்தது; அது துக்கம் இல்லை, கோபம் என்று தெரிந்து அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஊர் பேர் தெரியாத வெள்ளரிக்காரிக்குச் சூடாகிற காது.

அவள் முறை வந்தது. சந்தனமும் எண்ணெயும் வழிந்து காது மினுமினுத்தது. மாலைகளை ஒதுக்கிவிட்டுக் குனிந்தாள். அது சூடாகத்தான் இருந்தது, காய்ச்சல்காரன் காது மாதிரி. பையன் பேசினான் என்றாள். வீட்டுத் தொட்டிக்கு மோட்டார் போடச் சொல்லிப் பக்கத்து வீட்டில் சாவி கொடுத்தது நல்லதாகப் போயிற்று என்றாள். தரங்கம்பாடியில் கடல் பார்த்ததாகச் சொன்னாள். எல்லாவற்றுக்கும் காதின் சூடு அப்படியே இருந்தது. பிறகு கேட்டாள்.

"பாப்பாவை எங்கங்க வச்சீங்க?"

காது குளிர்ந்தது. அவள் கன்னம் அதன் மேல்தான் இருந்தது, அதனால் தவறாக உணர்ந்திருக்க வழியில்லை; மண்பானை குளிர்வது மாதிரி மெல்ல அல்ல, கிணற்றில் இறக்கிய வாளி மாதிரி சட்டென்று குளிர்ந்தது. பிறகு தோள் குளிர்ந்தது, முழங்காலைப் பிடித்திருந்த கை குளிர்ந்தது, வெயிலில் கிடந்த அந்த வாசல்படியே குளிர்ந்தது. ஆதிலட்சுமி அப்படியே குனிந்திருந்தாள். ஊர் உலகத்தின் எல்லாக் கதையையும் கேட்கிற மனிதருக்கு இந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தாங்கவில்லை என்பது, பாட்டிலில் தண்ணீர் இருப்பது போலத் தெளிவாகத் தெரிந்தது. இந்தக் கோட்டையில் வந்து கல்லானவர் இல்லை இவர். வெள்ளைத் துண்டை வாங்கிக்கொண்டு போய்த் திரும்பி வந்து குழாயடியில் கால் கழுவியபோதே எங்கோ ஒரு பொட்டு அளவுக்கு ஆரம்பித்தது, பீரோவைச் சுற்றி அவளோடு நடந்து நடந்து, இந்த வாசலில் முடிந்திருக்கிறது. மறந்துபோனவருக்குக் காது இப்படிக் குளிராது. அவள் முந்தானையால் அவர் கண்ணாடியில் வழிந்திருந்த எண்ணெயைத் துடைத்துவிட்டாள்.

"சரி, சொல்ல வேணாம்" என்றாள். வரிசையில் பின்னால் நின்றவருக்கு வழிவிட்டு இறங்கினாள்.

ஆபீசர் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். டெய்சி டீச்சரும் ராஜாபாதரும் பஸ்ஸில் வந்த அத்தனை பேரும், சேதி கேள்விப்பட்ட ஊர்க்காரர்களும் சுற்றி நின்றார்கள். கல் என்று சொன்னால் இவள் இனி யார் என்று பெண்களுக்குத் தெரிந்துவிடும். மனுஷன் என்று சொன்னால் ஊருக்குக் கிடங்கையா இல்லாமல் போய்விடுவார்.

"மனுஷன்தான் சார்" என்றாள் ஆதிலட்சுமி.

ஊர்க்காரர்கள் பக்கம் ஒரு முனகல் எழுந்தது. ஆபீசர் தலையாட்டினார். "அப்ப கூட்டிட்டுப் போங்கம்மா. ஆளுங்களை ஏற்பாடு பண்றேன்."

"அவரு வரமாட்டாரு சார். வந்தா வீட்லயும் அதே கேள்வி இருக்கும். இங்க இருக்கட்டும், இங்க நல்லா இருக்காரு."

"மனுஷனை எப்படிம்மா இங்க வச்சிக்க முடியும்? சாயங்காலம் ஆனா வெளிய அனுப்பணுமே?"

"சொல்லிப் பாருங்க" என்றாள்.

அப்படித்தான் ஆயிற்று. கரிக்குன்றத்தில் இப்போதும் சாயங்கால விசில் ஊதியதும், முனிரத்தினம் கிடங்கு வாசலில் வந்து நின்று, பெரியவரே, கோட்டை சாத்துறோம், வெளிய வாங்க என்று மரியாதையாகச் சொல்கிறார். கொஞ்ச நேரம் காத்திருந்து, சரி, நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு இறங்குகிறார். மனுஷன் என்பதால் டிபார்ட்மென்ட் அவர் மேல் நம்பர் எழுதவில்லை, பலகையும் வைக்கவில்லை. ஊர்க்காரர்களுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. மனுஷனாக இருந்தால் இன்னும் நல்லது, நம் கஷ்டம் புரியும் என்று எண்ணெய் ஊற்றிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அன்றைக்குப் பஸ் கிளம்பியது. டிரைவர் பாட்டுப் போடவா என்று கண்ணாடியில் ராஜாபாதரைப் பார்த்தார், வேண்டாம் என்று அவன் கை காட்டினான். வெகுதூரம் வந்த பிறகு டெய்சி டீச்சர் பின்சீட்டிலிருந்து குனிந்து, "ஆதி, அவரு காதுல என்னம்மா கேட்ட?" என்றாள்.

ஆதிலட்சுமி ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள். "எனக்கு ஒரு பொண்ணு பொறந்தா டீச்சர். வேலங்குளத்துல. உடனே போயிட்டா. எங்க வச்சாருன்னு கேட்டேன்."

உரக்கச் சொல்லவில்லை, ஆனால் பஸ் முழுக்கக் கேட்டுவிட்டது. முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பவில்லை. திரும்பாமல் தலையை மட்டும் கொஞ்சம் பின்னால் சாய்த்துக்கொண்டார்கள். அவள் நர்ஸைப் பற்றிச் சொன்னாள், துண்டைப் பற்றிச் சொன்னாள், குழந்தையின் விரல்கள் நீளமாக இருந்ததைச் சொன்னாள். சொல்லும்போது அவளுக்கு அழுகை வரவில்லை. பின்சீட்டில் டீச்சர்தான் அழுதாள், பிறகு உயிர் இருக்கிறது என்று யார் கண்டது என்று கேட்ட பெண்ணும் அழுதாள். மாத்திரைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, எங்கள் வீட்டிலும் ஒன்று அப்படி என்றார், மேற்கொண்டு சொல்லவில்லை.

"வேலங்குளமாம்மா சொன்னீங்க?" என்று ராஜாபாதர் எழுந்து வந்தான். "அது நம்ம ரோட்டு மேலயே இருக்கு. ஒரு பத்து மைலு. ஏண்ணே, நிறுத்தலாமில்ல?"

"நிறுத்தாம?" என்றார் டிரைவர்.

ஸ்டேஷன் மூடிக் கிடந்தது. ஆஸ்பத்திரி இருந்த கட்டடத்தில் இப்போது யாரோ வைக்கோல் அடுக்கியிருந்தார்கள். அதற்குப் பின்னால் ஏரி, ஏரியைச் சுற்றிக் கரை, கரை நெடுக வேலமரம். பஸ்ஸிலிருந்து இத்தனை பேர் இறங்குவதைப் பார்த்து, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் கோலை ஊன்றிக்கொண்டு வந்து, இங்கே பார்க்க ஒன்றும் இல்லையே, கோயில்கூட இல்லையே, என்ன பார்க்க வந்தீர்கள் என்று கேட்டாள். டெய்சி டீச்சர் சொன்னாள். அவள் உடனே புரிந்துகொண்டு கோலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பச்சக் கொழந்தைங்கள இந்தக் கரையிலதாம்மா வைப்பாங்க. எங்க மாமியாகூட ரெண்டு வச்சிருக்கு. எடம் சொல்ல மாட்டாங்க, அடையாளமும் வைக்க மாட்டாங்க. வைக்கக் கூடாதும்பாங்க. இந்த முனையில இருந்து மதகு வரைக்கும், எங்க வேணா இருக்கும்."

ஆதிலட்சுமி கரையைப் பார்த்தாள். மதகு தூரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தது.

"எந்த எடம்னே தெரியாதே டீச்சர்" என்றாள். சொல்லும்போது அவள் குரல் முதல் தடவையாக உடைந்தது.

"தெரியலைன்னா என்ன, எல்லாத்தையும் பாத்துடலாம்" என்றாள் டெய்சி டீச்சர். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கரை நீளமாக இருந்தது. மூட்டு வலிக்காரர்கள் உட்பட எல்லாரும் செருப்பைப் பஸ்ஸுக்குப் பக்கத்திலேயே கழற்றிவிட்டு, ஒருவர் பின்னால் ஒருவராக, பிள்ளைகள் தூங்குகிற வீட்டுக்குள் நடப்பது போல, பாதத்தைப் பார்த்துப் பார்த்து வைத்து நடந்தார்கள்.